பத்து இறங்கி, ஐந்து ஏறி

ஐம்பத்திரண்டு புள்ளி நான்கு.
ஆறு செமஸ்டரையும் கூட்டி வகுத்தால்
அவ்வளவுதான் நான்.
ஒலியியல் தாளை மூன்று முறை எழுதினேன்.
காதைப் படிக்க வந்தவள் ஒலியில் தோற்றாள் என்று
ஹாஸ்டலில் சிரித்தார்கள். நானும்தான்.

இப்போது வேலை தண்டையார்பேட்டையில்,
டி.எச். ரோட்டில், பரோட்டாக் கடைக்கு மேல்மாடி.
காதுக்கருவி விற்கும் கடைக்குள்
பீரோ அளவுக்கு ஒரு மரப்பெட்டி அறை.
கதவை எவ்வளவு இறுக்கினாலும்
கொத்து பரோட்டாத் தட்டு உள்ளே வந்துவிடும்.
ஐ.ஓ.சி. பக்கம் திரும்பும் டேங்கர் போகட்டும் என்று
விரலைத் தூக்கிவைத்துக் காத்திருப்பேன்.

கேட்டால் பத்து இறக்கு.
கேட்காவிட்டால் ஐந்து ஏற்று.
பாதி முறை கேட்டுவிட்டால் போதும்,
அதுதான் அந்தக் காதின் எல்லை என்று குறித்துவிடுவோம்.
பாதிக்கு இவ்வளவு மரியாதை தரும் படிப்பு
வேறெதுவும் எனக்குத் தெரியாது.
மேற்படிப்பு விண்ணப்பத்தில் மட்டும்
பாதி என்றால் பாதிதான்.

ஒருநாள் கூட்டமில்லாத மதியத்தில்
என் மதிப்பெண்களை ஆடியோகிராம் தாளில்
புள்ளி வைத்து இணைத்துப் பார்த்தேன்.
மூன்றாவது செமஸ்டரில் பள்ளம்.
காசிமேட்டுக் காதுகளுக்கெல்லாம்
நாலாயிரம் ஹெர்ட்ஸில் விழுமே, அதே பள்ளம்.
யாரோ நோயாளி என்று நினைத்து
முதலாளி ஃபைலில் போட்டுவிட்டார்.

நான்கு கல்லூரிகள் வருந்தின.
ஐந்தாவது வருந்தவும் இல்லை.
விண்ணப்பக் கட்டணம் மட்டும்
அண்ணன் வண்டிக்கு இரண்டு தவணை.

ஆறாவதில் கூப்பிட்டார்கள்.
"நிரோஷா, மூணாவது செமஸ்டர்ல என்னம்மா ஆச்சு?"
அந்த வருடம் வீட்டில் கட்டில் மட்டத்துக்குத் தண்ணீர்.
அந்த வருடம் அப்பாவின் போட் கரையில் கிடந்தது.
இரண்டும் உண்மை.
பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பழகியும் வந்திருந்தேன்.
ஆனால் இரண்டும் காரணம் இல்லை.

"புரியல மேடம்.
புரியலன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு.
தலையாட்டிட்டே இருந்துட்டேன்."

மின்விசிறி சுற்றும் சத்தம். அறுபது டெசிபல் இருக்கும்.

"எங்க கடைக்கு வர்றவங்களும் ஆட்டுவாங்க மேடம்.
சாப்டீங்களான்னாலும் ஆட்டுவாங்க,
பேரு என்னன்னாலும் ஆட்டுவாங்க.
அந்தத் தலைய எனக்கு நல்லாத் தெரியும்."

அவர் ஏதோ எழுதினார்.
எனக்குத் தலைகீழ், படிக்க முடியவில்லை.
காத்திருப்போர் பட்டியலில் ஏழு என்று
பிறகு வந்தது.

செவ்வாய்க்கிழமை. பெட்டிக்குள் தேசப்பன்.
ஐஸ் உடைக்கும் மெஷின் பக்கத்தில்
இருபத்திரண்டு வருடம்.
டிவி சத்தம் தெருவுக்கே கேட்கிறது என்று
வீட்டுக்காரம்மா தள்ளிவிட்டுப் போயிருந்தார்.
வலது காது முடிந்தது. இடதில் நாலாயிரம்.
ஒரு டேங்கர். காத்திருந்தேன்.
நான் இன்னும் எதையும் அழுத்தவில்லை,
பதில் விளக்கு எரிந்தது.

"ஏதோ வந்துச்சும்மா," என்றார்.
"காதுல இல்ல. முழங்கைல."

சைலன்ட்டில் கிடந்த என் போன்
மேசையிலிருந்து பலகைக்கும்
பலகையிலிருந்து அவர் எலும்புக்கும் போயிருக்கிறது.
எடுக்கவில்லை. காது பாதியில் இருந்தது.
எண்பது. விளக்கு.
எழுபது. இல்லை.
எழுபத்தைந்து.
நீலப் பேனாவால் பெருக்கல் குறி போட்டுவிட்டுத்தான்
போனைத் திருப்பினேன்.

கதவைத் திறந்ததும் கேட்டார், "யாரும்மா?"
"காலேஜ்ல சீட் கெடச்சிருக்கு.
வெள்ளிக்குள்ள பணம் கட்டணுமாம்."

தேசப்பன் தலையாட்டினார்.

குரலை ஐந்து ஏற்றி
இன்னொரு முறை சொன்னேன்.